சுகர் இறங்கினா இப்போ நடுக்கமே வர்றதில்லையே, ஏன் டாக்டர்?

கேள்வி: எனக்கு சுகர் வந்து 22 வருஷம் ஆச்சு, இன்சுலின்தான் போட்டுக்கறேன். முன்னாடியெல்லாம் லோ சுகர் ஆனா கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், உடனே தெரிஞ்சிடும். இப்போ மீட்டர் 50ன்னு காட்டுது, எனக்கு ஒண்ணுமே தெரியல, பேச்சு குழறுதுன்னு வீட்ல சொன்னாதான் தெரியுது. அட்ரினல் சுரப்பி கெட்டுப்போச்சா?

பதில்: பெரும்பாலும் சுரப்பி கெட்டிருக்காதுங்க, அந்த பயத்தை முதல்ல விடுங்க. ஆனா நடுக்கம் நின்னதை நல்லதுன்னும் நினைச்சிடாதீங்க.

கிட்னிக்கு மேல உட்கார்ந்திருக்கற அட்ரினலோட உள்பகுதிதான் அட்ரினலினை விடும். சாதாரணமா சுகர் 70க்கு கீழ போக ஆரம்பிச்சாலே கணையம் குளுக்ககான்ங்கற ஹார்மோனை விடும், கூடவே அட்ரினலினும் வரும், ரெண்டும் சேர்ந்து கல்லீரல்ல இருக்கற சர்க்கரையை ரத்தத்துக்கு தள்ளும். டைப் 1ல சில வருஷத்துலயே அந்த குளுக்ககான் வராம போயிடும், ரொம்ப நாளா இன்சுலின் போடற டைப் 2லயும் மெல்ல மெல்ல அதே கதைதான், ஊசியில போட்ட இன்சுலினையும் உடம்பால திரும்ப எடுக்க முடியாது, அதனால மிச்சம் இருக்கற ஒரே காவல் அட்ரினலின்தான். அட்ரினலோட இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசோலும் வரும், ஆனா அது வேலை செய்ய மணிக்கணக்குல ஆகும், அவசரத்துக்கு உதவாது.

இங்கதான் சிக்கலே. நேத்து ஒரு தடவை லோ ஆயிருந்தா இன்னைக்கு மூளை அதுக்கு பழகிடும், இன்னும் கீழ இறங்கினப்புறம்தான் அட்ரினலுக்கு தகவல் போகும், அதுவும் குறைவாதான் சுரக்கும், அதாவது ஒரு லோ அடுத்த லோவுக்கு வழி பண்ணிடுது. வருஷக்கணக்கான சுகர்ல தானியங்கி நரம்புகளும் (இதயத்துடிப்பு, வேர்வை மாதிரி தானா நடக்கறதை பார்த்துக்கற நரம்புகள்) பாதிச்சிருந்தா சிக்னல் இன்னும் மங்கிடும். தூக்கத்துல சொல்லவே வேண்டாம்.

ஆனா இது திரும்பும்ங்க! ரெண்டு மூணு வாரம் ஒரு லோ கூட வராம பார்த்துக்கிட்டா நிறைய பேருக்கு அந்த நடுக்கமும் படபடப்பும் திரும்ப வருது, அட்ரினலின் அளவு முழுசா பழையபடி ஆகாட்டியும் எச்சரிக்கை மணி அடிக்குது, அதுவே பெரிய விஷயம். அதுக்கு சுகர் டார்கெட்டை கொஞ்ச நாள் மேல வைக்கணும், டோஸை நீங்களே குறைக்காம உங்க டாக்டர்கிட்ட பேசி பண்ணுங்க. அலாரம் அடிக்கற சிஜிஎம் (தோல்ல ஒட்டிக்கிட்டு சுகரை தொடர்ந்து காட்டற கருவி) கிடைச்சா கட்டாயம் போட்டுக்கோங்க. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணாம கிளம்பவே கிளம்பாதீங்க, 70க்கு கீழன்னா 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட். வீட்ல இருக்கறவங்ககிட்டயும் சொல்லி வைங்க, படிச்ச வரியையே திரும்ப படிக்கறது, காரணமில்லாம எரிஞ்சு விழறது, இதெல்லாம் பார்த்தா உடனே மீட்டரை எடுக்கணும். மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தக்கூடாது, குளுக்ககான் ஊசி இருந்தா போட்டுட்டு ஆம்புலன்ஸை கூப்பிடணும்.

கேள்வி: பிபிக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடறேன், இன்சுலினும் உண்டு. லோ ஆனா தெரியுமா?

பதில்: படபடப்பும் நடுக்கமும் அமுங்கிடலாம், ஏன்னா அட்ரினலின் வந்தாலும் மாத்திரை அதை தடுக்குது. வேர்வை மட்டும் வேற நரம்பு வழியா வர்றதால வழக்கம்போல வரும், திடீர்னு வேர்த்தா அலட்சியம் பண்ணாம செக் பண்ணுங்க. மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.