வெயிலும் கழியூதாவும்: வாசகர் கேள்விகள்

சூரியச் சுழற்சி (சூரியனின் செயற்பாடு ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவது) உச்சத்துக்கு வந்ததால்தான் 2024 சித்திரையில் வெயில் அப்படிக் கொளுத்தியதா? (சாவகச்சேரி)

இல்லை. வருடப் பிறப்பை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆவணி முற்பகுதியில் மறுபடி ஒருமுறை. வளிமண்டலத்துக்கு மேலே சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1361 வாற்று வெயில் விழுகிறது. 11 ஆண்டுச் சுழற்சியில் அது ஏறி இறங்குவது ஒன்று, ஒன்றரை வாற்றுத்தான்.

அப்படியென்றால் எதுதான் மாறுகிறது? தோலுக்குக் கெடுதலா? (பருத்தித்துறை)

கழியூதா, அதாவது ஊதாவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர், மாறுகிறது. 200 நனோமீற்றர் அலைநீளத்துக்கு அருகே அந்த மாற்றம் பத்து வீதத்தை நெருங்கும்; ஐதரசன் வீசும் 121.6 நனோமீற்றர் கதிர் ஒன்றரை மடங்கு அளவுக்குக் கூடும். இவை நிலத்துக்கு வருவதில்லை. ஒட்சிசனும் ஓசோனும் மேலேயே விழுங்கிவிடும். உச்ச காலத்தில் ஓசோன் சற்றுக் கூடவே உருவாகும், ஆகவே பயம் வேண்டாம். ஆனால் குடை வேண்டும், அது எந்த வருடமும்.

செய்மதி அளந்தால் சரியாகத்தானே இருக்கும்? (உயர்தர மாணவி, நல்லூர்)

பிள்ளை, இந்தத் துறையின் பெரிய தலையிடியே இதுதான். முற்றத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் வாளி வெளுத்து நொறுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கருவிக்கும் அதே கதி. செய்மதியின் பசையிலும் பூச்சிலுமிருந்து கசியும் ஆவி கண்ணாடியில் படியும். கழியூதா அதைக் கருகவைத்துப் படலமாக்கும். அப்புறம் கருவி மங்கியதா, சூரியன் மங்கியதா என்று எப்படிப் பிரிப்பது?

சூரியக் கதிரை அளக்க 2003இல் ஏவிய சோர்ஸ் செய்மதியில் இந்தச் சிக்கல் வந்தது. அதன் ஒரு கருவி, 2004 முதல் 2007 வரை கழியூதா எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு குறைந்ததாகக் காட்டியது. காலநிலைக் கணக்குகளையே அது குழப்பியது. கருவியின் தேய்மானம் முழுதாகத் திருத்தப்படவில்லை என்பதே பின்னர் பலரும் வந்த முடிவு. எனக்கும் அதுதான் சரியெனப் படுகிறது.

அதே செய்மதியின் சொல்ஸ்ரிஸ் கருவி, நிலையாக ஒளிரும் நீல நட்சத்திரங்களையும் பார்த்துத் தன்னைச் சரிபார்த்தது. எனக்கு மிகப் பிடித்த உபாயம் வேறு. 280 நனோமீற்றரில், சூரிய நிறமாலையில் மக்னீசியம் பதிக்கும் கோட்டின் நடு, சுழற்சியோடு நன்றாக மாறும். இரு ஓரங்களும் அவ்வளவாக மாறா. நடுவை ஓரத்தால் வகுத்தால், படலம் இரண்டையும் ஒரேயளவு மங்கச் செய்வதால் விகிதம் தப்பிவிடும். 1978இல் ஏவிய நிம்பஸ்-7 செய்மதி தொட்டு இந்தக் கணக்குத் தொடர்கிறது.

பழைய சிற்றலை வானொலியில் தூரத்து நிலையங்கள் தெளிவாகக் கேட்கின்றனவே? (கரவெட்டி)

ஆம், இது சுழற்சியின் வேலைதான். மிகக் குறுகிய அலைநீளக் கழியூதா மேல்வளியை அயனாக்க, உயர் அதிர்வெண் அலைகளும் திரும்பி வரும். பகலில் 13 மீற்றர் அலைவரிசையைத் திருப்பிப் பாருங்கள்.