ஒரு குன்டர் சங்கிலி எத்தனை ஆங்ஸ்ட்ராம்?

1620-இல் எட்மண்ட் குன்டர் இங்கிலாந்தில் நில அளவைக்கென வகுத்த, நூறு கண்ணிகள் கொண்ட சங்கிலியின் நீளம் 66 அடி. 1959-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி ஓர் அடி துல்லியமாக 0.3048 மீட்டர் என்பதால், சங்கிலி 20.1168 மீட்டராகிறது. அணுக்களை அளக்கப் பயன்படும் அலகான ஆங்ஸ்ட்ராம் ஒரு மீட்டருக்கு ஆயிரம் கோடி என்பதால், விடை 20,116.8 கோடி ஆங்ஸ்ட்ராம். ஹைட்ரஜன் அணுவின் ஆரத்தைக் குறிக்கும் அலகான போர் ஆரத்தில் (Bohr radius) வேண்டுமெனில், சுமார் 0.529-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 38,000 கோடி வரும்.

கணக்கு எளிதுதான்; எந்த அடி என்பதே சிக்கல். அமெரிக்க நில அளவையில் 2022 இறுதிவரை வழக்கிலிருந்த அடி 1200/3937 மீட்டர். அதைக் கொண்டால் சங்கிலி 40 மைக்ரோமீட்டர் நீள்கிறது. வயலில் எவருக்கும் புலப்படாத இந்த வேறுபாடு, அணு அளவில் நான்கு லட்சம் ஆங்ஸ்ட்ராமுக்கும் மேல். உண்மையான இரும்புச் சங்கிலியோ வெயிலில் இதைவிடப் பன்மடங்கு நீண்டுவிடும்.