கரடிக்கும் காளைக்கும் ஓர் அரச அதிகாரி: கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் கரடிச் சண்டைக்கென்றே ஓர் அதிகாரி இருந்தாராமே?

ஆமாம். கரடி, காளை, மாஸ்டிஃப் எனும் பெரிய காவல் நாய்கள் ஆகியவற்றுக்கான அரச விளையாட்டின் தலைவர் என்பது பதவி. 1573இல் ரால்ஃப் போஸ், 1598இல் ஜான் டாரிங்டன் அமர்ந்தார்கள். அரண்மனை கூப்பிட்டால் விலங்குகளோடு போக வேண்டும். மற்ற நாட்களில் லண்டனில், தேம்ஸ் தென்கரையில் காசுக்குக் காட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: சம்பளம் நல்லதா?

சம்பளத்துக்காக யாரும் இதற்கு அலையவில்லை. 1604இல் நாடக அரங்கு நடத்திய பிலிப் ஹென்ஸ்லோவும் நடிகர் எட்வர்ட் அலெனும் சர் வில்லியம் ஸ்டூவர்ட்டிடமிருந்து இதை 450 பவுண்டுக்கு வாங்கினார்கள். கிடைத்ததோ நாளுக்கு 16 பென்ஸ். கட்டுப்படியாகவில்லை, இன்னும் 32 பென்ஸ் கூட்டுங்கள் என்று பிறகு மன்னருக்கே மனு போட்டார்கள். வருமானம் வாசலில்தான்: நுழைய ஒரு பென்னி, மேடையேற ஒன்று, நெரிசலில்லாமல் நிற்க இன்னொன்று.

கேள்வி: ஒவ்வொரு ஆட்டத்திலும் கரடி செத்துவிடாதா?

அப்படி விட்டால் தொழில் படுத்துவிடும். கரடியை நட்ட கம்பத்தில் சங்கிலியால் கட்டி நாய்களை ஏவுவார்கள். கவ்விய நாய் விடாது. வாயில் கம்பைக் கொடுத்து நெம்பித்தான் பிரிக்க வேண்டும். ஹாரி ஹங்க்ஸ், சாக்கர்சன் எல்லாம் ஊரே பெயர் சொல்லும் கரடிகள். ஆனாலும் சில சமயம் கணக்குத் தவறும். 1606இல் டென்மார்க் மன்னர் வந்தபோது நடந்த ஆட்டத்தில் ஜார்ஜ் ஸ்டோன் என்ற கரடி செத்துப்போனது. அந்த நஷ்டத்தையும் மனுவில் எழுதினார்கள்.

அதிகம் செத்தவை நாய்கள். அதனால்தான் பதவியின் உயிர்நாடியே அரச ஆணைதான்: நாட்டில் எவர் வீட்டு மாஸ்டிஃபையும் 'மன்னர் சேவைக்கு' என்று பிடித்துக்கொள்ளலாம். காவல் நாயைப் பறிகொடுத்தவன் சும்மா இருப்பானா? நாய் பிடிக்க வந்த ஆட்களை ஊர்களில் மறித்தார்கள்.

கேள்வி: ஞாயிறு ஆட்டம் நின்றது 1583 விபத்தாலா?

அது மட்டும் இல்லை. அந்த ஜனவரி 13, ஞாயிறு. கூட்டம் தாங்காமல் பார்வையாளர் மேடை சரிந்து சிலர் இறந்தார்கள். தெய்வ தண்டனை என்றார்கள் பியூரிட்டன்கள், அதாவது கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். மரம் பழசு, ஆள் அதிகம். எனக்கு அந்தக் காரணம் போதும். தடையை நாடெங்கும் உறுதியாக்கியது 1603இல் ஜேம்ஸ் மன்னரின் அறிவிப்பு. வசூல் நாளே போயிற்று என்ற புலம்பலும் அதே மனுவில் உண்டு.

கேள்வி: நாடகமும் அதே இடத்திலா?

தேம்ஸ் தென்கரையின் ஹோப் அரங்கில் இரண்டும். 1613 ஒப்பந்தப்படி அதைக் கட்ட 360 பவுண்டு செலவு. நாடக மேடை கழற்றி எடுக்கும்படி முக்காலிகள் மேல் நிற்க வேண்டும், கரடி நாளில் நடுவிடம் காலியாக. 1656 பிப்ரவரியில் பாராளுமன்றப் படையின் கர்னல் பிரைட் உத்தரவில் படைவீரர்கள் அங்கிருந்த 7 கரடிகளைச் சுட்டுக் கொன்றார்கள்.