பழைய படகின் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளுக்கு மாற்று தேடுவது எப்படி?

கேட்டிருப்பது: பழைய படகில் கழற்றிய போல்ட்டுக்குப் பொருத்தமான மாற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மரையைப் பாருங்கள். பழைய படகுகளில் அங்குல அளவும் மில்லிமீட்டர் அளவும் கலந்து கிடக்கும். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; 8 மி.மீ. விட்டமுள்ள எம்8-உம் கண்ணுக்கு அதேதான். ஆனால் எம்8-இன் மரை இடைவெளி 1.25 மி.மீ., 5/16-இன் பெருமரையில் (இடைவெளி அகன்ற மரை) 1.41. மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று சுகமாக ஏறும், அப்புறம் இறுகிவிடும். அங்கே ஸ்பானரை அழுத்தினால் மரை போச்சு. விட்டம் அளக்கும் காலிப்பரோடு, மரை இடைவெளி அளக்கும் ஒரு மரை அளவுகோலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்புத் தண்ணீர் என்றால் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுதான். மில்லிமீட்டர் போல்ட்டானால் தலையில் ஏ4 (A4) என்று பொறித்திருக்கும். ஏ2 என்றால் 304 வகை. உப்பில் சீக்கிரம் பழுப்புக் கறை விடும். காந்தம் வைத்து ரகம் பிரிப்பதை நான் நம்புவதில்லை. காற்றுப் படாமல் ஈரத்தில் புதைந்திருந்தால் 316-உம் அரிக்கும். அதனால் கழற்றிய போல்ட்டின் தலையை விட, தளத்துக்குள் மறைந்திருந்த தண்டைக் கவனியுங்கள். அங்கே குழி இருந்தால் பக்கத்துப் போல்ட்டுகளையும் மாற்றிவிடுங்கள்.

நட்டை மெதுவாகத் திருகுங்கள், மரையில் பிடிப்புத் தடுப்புக் கிரீஸ் (ஆன்டி-சீஸ்) தடவி. எஃகோடு எஃகு உரசிச் சிக்கினால் பிறகு அறுத்துத்தான் எடுக்கவேண்டும்.