214 குறியீடுகளும் ஒரு பென்சிலும்
ஆய்வு மாணவர் கேள்வி பதில்

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத செவிலியர்கள், உதவி தேவைப்படும் நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதே என் ஆய்வுப் பொருள். 18 நேர்காணல்களை எழுத்துப்படியாக்கி என்விவோ மென்பொருளில் ஏற்றி, நான்கு மாதங்களாகக் குறியீடு இட்டு, அதாவது பேச்சின் ஒவ்வொரு துண்டுக்கும் அதன் பொருளைச் சுட்டும் சிறு பெயர் கொடுத்து வருகிறேன். இப்போது 214 குறியீடுகள் சேர்ந்துவிட்டன. பயிற்சிக் காணொளிகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று நெறியாளர் கேட்டால் வாய் திறக்க முடியவில்லை. மென்பொருளை நான் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லையா?

பதில்: பொத்தான்கள் தெரியும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், ஆகவே குறை அந்தப் பக்கம் இல்லை. இன்னொரு பயிற்சிக் காணொளியைத் தேடிப் போகாதீர்கள்.

இந்த மென்பொருள்கள் எதற்காகப் பிறந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எழுத்துப்படிகளைக் கத்தரித்து, ஒரே பொருளுள்ள துண்டுகளை ஒரே உறையில் போட்டு, பின்னர் உறை உறையாக எடுத்துப் படிப்பதுதான், எண்களைவிடப் பேச்சையும் எழுத்தையும் ஆராயும் பண்புசார் ஆய்வாளர்களின் பழைய வழக்கம். 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் லின் ரிச்சர்ட்ஸ், டாம் ரிச்சர்ட்ஸ் என்னும் தம்பதியர் உருவாக்கத் தொடங்கிய நிரலின் வழித்தோன்றல்தான் உங்கள் என்விவோ. அவர்களுள் ஒருவர் சமூகவியலாளர், மற்றவர் கணினியியலாளர். இதே வகை மென்பொருள்களான அட்லஸ்.டிஐ, மேக்ஸ்கியூடிஏ ஆகியவற்றின் வேர்களும் அதே பத்தாண்டின் கடைசியில் ஜெர்மனியில் ஊன்றியவை. இவை அனைத்தும் கத்தரியின் வேலையையும் உறையின் வேலையையும் எளிதாக்கின. உறையின் மேல் என்ன பெயர் எழுதுவது என்பது அன்றும் இன்றும் ஆய்வாளரின் பொறுப்பாகவே இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய குறியீட்டுப் பட்டியலையும் மாதிரிப் பக்கத்தையும் படித்தேன். அதில் ஒரு செவிலியர் சொல்கிறார்: "சீனியர்கிட்ட கேக்கலாம்னுதான் போனேன். அவங்க சார்ட் எழுதிட்டிருந்தாங்க. சரின்னு திரும்பி வந்துட்டேன்." இதற்கு நீங்கள் மூன்று குறியீடுகள் இட்டிருக்கிறீர்கள்: பயம், மூத்த செவிலியர், தகவல் தொடர்பு. மூன்றில் இரண்டு வெறும் தலைப்புகள். நூலக அலமாரியில் ஒட்டும் சீட்டைப் போன்றவை. எஞ்சிய 'பயம்' அந்தப் பெண் சொன்ன சொல்லே அல்ல, நீங்கள் கொண்டுவந்து வைத்தது. அவர் சொன்னதை மறுபடி பாருங்கள். கேட்கத்தான் போயிருக்கிறார், மூத்தவரின் கையில் வேலை இருப்பதைப் பார்க்கிறார், எவரும் தடுக்காமலேயே "சரி" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு திரும்புகிறார். அந்தச் "சரின்னு" என்பதில்தான் உங்கள் ஆய்வு இருக்கிறது. 'வேலையாக இருப்பதைக் கண்டு திரும்புதல்' என்றோ, 'கேட்கத் தகுந்த நேரத்தைக் கணித்தல்' என்றோ பெயரிட்டிருந்தால், அடுத்த நேர்காணலைப் படிக்கும்போதே கேள்விகள் எழுந்திருக்கும்: எப்போது திரும்பாமல் நின்று கேட்கிறார்கள்? யாரிடம் மட்டும் கணக்குப் பார்க்காமல் கேட்கிறார்கள்? செயலைச் சொல்லும் குறியீட்டிலிருந்து கேள்வி பிறக்கும். 'தகவல் தொடர்பு' என்பதிலிருந்து எதுவும் பிறக்காது.

ஒரு வாரத்துக்கு மென்பொருளைத் திறக்காதீர்கள். ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட மூன்று நேர்காணல்களை அச்செடுத்து, பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டே படியுங்கள், வரிக்கு வரி குறியீடு வேண்டியதில்லை, "இங்கே என்ன நடக்கிறது?" என்பதற்கு ஒரு சிறு விடை போதும். அதன்பின் திட்டக் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு என்விவோவுக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு குறியீட்டின் பக்கத்திலும் எத்தனை கோப்புகள், எத்தனை இடங்கள் என்ற எண்ணிக்கை தெரியும். ஒரே இடத்தில் மட்டும் பயன்பட்ட குறியீடுகளை முதலில் எடுத்து, உள்ளே இருக்கும் மேற்கோளை வாசித்து, வேறொன்றோடு சேருமா என்று பாருங்கள். சேராவிட்டால் விட்டுவையுங்கள், ஒற்றைக் குரலும் சில நேரம் முக்கியமானதே. எஞ்சும் ஒவ்வொன்றுக்கும் அதன் விளக்கப் பெட்டியில் இரண்டு வரி எழுதுங்கள்: எது இதில் அடங்கும், எது அடங்காது. விளக்கம் எழுத வராத குறியீடு உங்களுக்கே புரியாத குறியீடு. என் முதல் ஆய்வில் 'முக்கியம்' என்றே ஒரு குறியீடு வைத்திருந்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் அதில் குவிந்தன, ஏன் முக்கியம் என்று ஒன்றுக்குக்கூட எழுதியிருக்கவில்லை. ஆகவே குறியீடு இடும் ஒவ்வொரு நாளும் தேதியிட்டு ஒரு குறிப்பும் எழுதிவாருங்கள். மெமோ என்னும் வசதி அதற்கானது. நெறியாளரின் கேள்விக்கு விடை கிடைக்கப்போவது அங்கேதான்.

கேள்வி: எழுத்துப்படிகள் பேச்சுத் தமிழில் உள்ளன. சொல் எண்ணிக்கை எடுத்து, அடிக்கடி வரும் சொல்லைப் பெரிதாகக் காட்டும் மேகப்படம் போட்டால் 'வந்து', 'அப்ப', 'அதான்' ஆகியவையே பெரிதாகத் தெரிகின்றன. இதை ஆய்வேட்டில் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். பொருளற்ற சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்த்து இவற்றை நீக்கிவிடலாம். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தமிழில் வேற்றுமை உருபும் காலமும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், உதவி, உதவியை, உதவிக்கு, உதவின்னு என்பன மென்பொருளுக்கு நான்கு தனிச் சொற்கள். சொல்லின் முன்பகுதியோடு நட்சத்திரக் குறி இட்டுத் தேடினால் இவற்றில் பலவற்றைப் பிடிக்கலாம். ஆனால் 'பயம்' என்று அப்படித் தேடினால் 'பயத்துல', 'பயந்து' இரண்டும் தப்பிவிடும், ஏனெனில் அங்கே சொல்லின் அடியே மாறிவிடுகிறது. எனவே எண்ணிக்கையைச் சான்றாகக் காட்டாதீர்கள். விட்டுப்போன இடங்களைத் தேடும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகள் இருந்தால் ஏற்றுமுன் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் தேடலே நடக்காது.

கேள்வி: மேகக் கோப்புறையில் வைத்திருந்த திட்டக் கோப்பு ஒரு நாள் திறக்க மறுத்துவிட்டது. ஆறு வார உழைப்பு போய்விட்டது. நெறியாளரிடம் மேக் கணினி, என்னிடம் விண்டோஸ், எப்படிப் பகிர்வது?

பதில்: ஆறு வாரம் என்பது வயிற்றைக் கலக்கும் செய்திதான். திட்டக் கோப்பு திறந்திருக்கும்போதே மேகச் சேவை அதை ஒத்திசைக்க முயன்றால் கோப்பு சிதையக்கூடும். வேலை செய்யும் கோப்பு கணினியின் உள்வட்டில் இருக்கட்டும். மென்பொருளை மூடிய பிறகு, தேதியைப் பெயரில் சேர்த்து ஒரு நகலை மேகத்துக்கு அனுப்புங்கள். என்விவோவின் விண்டோஸ் கோப்பும் மேக் கோப்பும் ஒரே வடிவம் அல்ல. மாற்றிக்கொள்ள வழி உண்டு என்றாலும், மாற்றியபின் குறியீடுகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். நெறியாளர் படிக்க மட்டும் போகிறார் என்றால், குறியீடு வாரியாக மேற்கோள்களை வேர்டு கோப்பாக எடுத்துக் கொடுப்பதே மேல். பெரும்பாலான நெறியாளர்கள் அதைத்தான் படிப்பார்கள்.

கேள்வி: "தரவுகள் என்விவோ மூலம் பகுப்பாய்வு செய்யப்பட்டன" என்று எழுதியதைத் தேர்வாளர் திருத்தச் சொல்கிறார். என்ன தவறு?

பதில்: அந்த வாக்கியத்தில் ஆய்வாளரைக் காணவில்லை. பகுப்பாய்வு முறையின் பெயரை முதலில் சொல்லுங்கள். தரவில் திரும்பத் திரும்ப வரும் கருப்பொருள்களைத் தேடும், பிரவுன், கிளார்க் ஆகியோர் 2006-ல் விவரித்த ஆறு கட்டக் கருப்பொருள் பகுப்பாய்வா, தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டியெழுப்பும், கிளேசர், ஸ்ட்ராஸ் 1967-ல் முன்வைத்த தரவடிக் கோட்பாடா என்பது தெரிய வேண்டும். குறியீடுகள் எப்படி உருவாயின, எப்போது இணைந்தன, எதைக் கைவிட்டீர்கள் என்பது அடுத்து வரட்டும். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, அதில் எந்த வேலை என்பதற்குக் கடைசியில் ஒரு வரி போதும்.

கேள்வி: தானாகக் குறியீடு இடும் செயற்கை நுண்ணறிவு வசதியைப் பயன்படுத்தலாமா?

பதில்: முதலில் ஒப்புதல் படிவத்தை எடுத்துப் படியுங்கள். நேர்காணல் வெளிச் சேவையகத்துக்குப் போகும் என்று பேசியவர்களுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லவில்லையென்றால் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது. சொல்லியிருந்தாலும், அது தரும் பட்டியல் பெரும்பாலும் 'தகவல் தொடர்பு' வகைத் தலைப்புகளாகத்தான் இருக்கும். அவற்றை நீங்களே ஏற்கெனவே 214 வரை செய்துவிட்டீர்கள்.

கேள்வி: பல்கலைக்கழக உரிமம் அடுத்த பருவத்தோடு முடிகிறது. ஆய்வேடு முடியாது. என்ன செய்வது?

பதில்: உரிமம் இருக்கும்போதே திட்டத்தை ரெஃபி-கியூடிஏ என்னும் பொதுப் பரிமாற்ற வடிவில் ஏற்றுமதி செய்துவிடுங்கள், கோப்பின் பெயர் கியூடிபிஎக்ஸ் என்று முடியும். கட்டணமில்லாத திறந்தமூல மென்பொருளான குவால்கோடர் அதைப் படிக்கும். குறியீடுகளும் குறியிட்ட பகுதிகளும் வந்துவிடும். என்விவோவில் சேமித்த வினவல்கள், அதாவது தேடல்கள், வராது. இதைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாமல் இந்த மாதமே ஒரு முறை செய்து, இரண்டு நேர்காணல்களைத் திறந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.