ஐகிடோவில் நான் கை வைப்பதற்குள் கூட்டாளி விழுந்துவிடுகிறார், என்ன செய்வது?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பழகுவதாகவும், நீங்கள் கை வைப்பதற்குள் கூட்டாளி விழுந்துவிடுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். விழுவது இருக்கட்டும், முதலில் அவர் எப்படி அடிக்கிறார் என்று பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

ஷோமென்-உச்சி, அதாவது நெற்றி வெட்டு. உகே, அதாவது தாக்கிவிட்டு விழும் கூட்டாளி, உங்கள் தலைக்கு ஒரு சாண் முன்னாலேயே கையை நிறுத்தி, நீங்கள் பிடிக்க வசதியாக நீட்டிக்கொண்டு நிற்பார். சிலம்பத்தில் ஆளைக் குறிவைக்காமல் கம்பைக் கம்பால் தட்டுகிற மாதிரி. ஒருமுறை நீங்கள் அசையாமல் நில்லுங்கள், அவர் மெதுவாக வெட்டட்டும். கை நெற்றியைத் தொடவில்லையென்றால் அரை அடி கிட்டே வரச் சொல்லுங்கள். வெட்டிய பிறகும் அவர் தன் காலில் நிற்க வேண்டும்.

அடுத்து, பாதிப் பிடியில் சட்டென்று கையை விட்டுவிடுங்கள். அவர் நிலையாக நின்றால் நீங்கள் சமநிலையைக் குலைக்கவே இல்லை. குதிகால் எழும்பித் தடுமாறினால் சரி. விட்ட பிறகும் அழகாக உருண்டு விழுந்தால், அவர் உங்களுக்காக விழுகிறார்.

இதற்கு மாற்று முரட்டுத்தனம் அல்ல. இக்கியோ (கையையும் முழங்கையையும் பிடித்துக் கீழே அழுத்தும் பிடி) வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு முழங்கையை இறுக்குவதும் நாடகம்தான். அவர் முழங்கையைக் கீழே அழுத்தினால் மல்லுக்கட்டாதீர்கள், பின்பக்கம் நுழைந்து வீழ்த்தும் இரிமி-நாகேவுக்கு மாறுங்கள்.

முதல் பத்து முறை மெதுவாக, தடையில்லாமல். அடுத்த பத்தில் எந்தக் கை என்று சொல்லாமல். பிறகு வெட்டா, வயிற்றுக் குத்தா என்பதும் சொல்லாமல். கடைசியில், இடைவெளி கிடைத்தால் மறு கையால் உங்கள் கன்னத்தைத் தொடலாம் என்று உகேவுக்கு அனுமதி. தொட்டுவிட்டால் உங்கள் காலைப் பாருங்கள், பெரும்பாலும் தாக்கும் கோட்டிலேயே நின்றிருப்பீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். வேகத்தையும் சேர்த்துக் கூட்டினால் இருவருக்கும் தோள் இறுகி மல்யுத்தமாகிவிடும்.

கையைத் தோளுக்குப் பின்னால் மடக்கி வீழ்த்தும் ஷிஹோ-நாகேவில் மட்டும் தடுத்து விளையாட வேண்டாம். மடங்கிய கையோடு மல்லாக்க விழுவதால் பின்தலை தரையில் மோதும். உகேவின் கையை அவர் தோளருகே வைத்தே இறக்குங்கள். அவர் மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும். போதும் என்று அவர் தட்டினால் உடனே விடுங்கள்.

"ஐகிடோவை உருவாக்கிய உயேஷிபா மொரிஹேய் போட்டியை ஏற்கவில்லையே" என்று யாராவது வருவார்கள். நான் போட்டி வைக்கச் சொல்லவில்லை. அவரிடம் பழகிய தோமிக்கி கென்ஜி (1900–1979) மென்கத்தியோடு ரந்தோரி, அதாவது முன்னேற்பாடு இல்லாத தடுப்பும் தாக்குதலும், பழக வழி செய்தார். மதிப்பெண் இல்லாமல் இரண்டு நிமிடம் அதைச் செய்து பாருங்கள், போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டைத் தேர்வுக்குத் தன் உகேவைத் தானே கூட்டி வரும் வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த ஒருவர் விழுந்து காட்ட, பட்டை கைக்கு வந்துவிடுகிறது. உகே யார் என்பதைத் தேர்வாளர்தான் பாயில் ஏறிய பிறகு சொல்ல வேண்டும்.