கோலாலம்பூரில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் சைக்கிள் ஓட்டிகளும் ஏன் முட்டிக்கொள்கிறார்கள்?

நான் வேலைக்கு மோட்டாரிலும் ஞாயிறு காலை சைக்கிளிலும் போகிறவன். இரண்டு பக்கத்துக் கோபமும் எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் அடிப்படை இடப் பற்றாக்குறை. காருக்கு ஒதுங்கி இருவரும் சாலையின் அதே இடது ஓரத்துக்குத்தான் வருகிறார்கள்.

2018இல் நகர மையத்தில் நீலச் சாயம் பூசி சைக்கிள் பாதை போட்டார்கள். பல இடங்களில் தடுப்பு கிடையாது. கார்கள் நெரிசலில் நின்றதும் மோட்டார்கள் அதற்குள் புகுந்துவிடும்.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் நிலைமை தலைகீழ். 1970களில் போட்ட தனிப் பாதை மோட்டார்களுக்கானது. சைக்கிள்காரர்களும் அதில் வருகிறார்கள். பாதை குறுகல். மழை பிடித்தால் பாலத்தடியில் மோட்டார்களை நிறுத்தி மழைக்கோட்டு மாட்டுவோம், பாதி வழி அடைபட்டுவிடும். ஒருநாள் நல்ல வெயிலில் வந்து பாலத்தடி இருட்டுக்குள் நுழைந்தேன். கண் பழகுவதற்குள் முன்னால் விளக்கில்லாத சைக்கிள்! பிரேக் பிடித்ததில் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போனது. மயிரிழையில் தப்பினோம். அவர் கை நடுங்கியதைப் பார்த்த பிறகு திட்ட வாய் வரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? சைக்கிளில் பகலிலும் பின்விளக்கு எரியட்டும். அப்புறம், கூட்டமாகப் போனாலும் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். மோட்டாரில் வருபவர்கள் தூரத்திலேயே ஒருமுறை மெல்ல ஹாரன் அடித்து, கை நீளமாவது இடம் விட்டு முந்துங்கள். காதருகே வந்து அலறவிட்டால் சைக்கிள் ஆடிப்போய் உங்கள் சக்கரத்திலேயே விழும்.